இடுப்பு மூட்டுக்கு இரண்டாம் அறுவை

இடுப்பு மூட்டு மாற்று அறுவை என்றால் இப்போது யாரும் அலறுவதில்லை. தீபாவளி முடிந்து அறுவை செய்துகொண்டவர் பங்குனி உத்திரத்துக்குக் கோயில் படி ஏறுவதைப் பார்க்கிறோம். ஆனால் அதே இடுப்பை மறுபடி திறந்து, பழைய மூட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது வேறு சங்கதி. நாங்கள் அதை 'ரிவிஷன்' என்போம். அன்றைய அறுவைப் பட்டியலில் அந்தச் சொல் இருந்தால், மயக்க மருந்துப் பிரிவில் எல்லாரும் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிடுவோம்.

நான் டாக்டர் இல்லை. ஜொகூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில், மயக்க மருந்து நிபுணருக்குப் பக்கத்தில் நிற்கும் மருத்துவ உதவி அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நோயாளிகளுக்கு நாங்கள் 'எம்.ஏ.', அதாவது மெடிக்கல் அசிஸ்டன்ட். எலும்பு டாக்டரின் கண் காலின் மேல் இருக்கும். எங்கள் கண் திரையின் மேல் இருக்கும். ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, ஆக்சிஜன், மூச்சில் வெளியேறும் கார்பன் டையாக்சைடு, சக்‌ஷன் பாட்டிலில் ஏறிக்கொண்டே போகும் ரத்தத்தின் அளவு என்று அந்தப் பக்கத்துக் கணக்கு முழுவதும் எங்களுடையது.

ஒப்புதல் பாரத்தில் கையெழுத்து வாங்கும்போது குடும்பத்தார் கேட்பது ஒரே கேள்விதான்: உயிருக்கு ஆபத்து உண்டா? டாக்டர் பொறுமையாக விளக்குவார். அவர் நகர்ந்ததும் தமிழ் பேசும் என்னிடம் அதே கேள்வி திரும்ப வரும். "அண்ணே, நீங்க உள்ளதைச் சொல்லுங்க." நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "எதுக்காக மறுபடி திறக்கிறாங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்வதே அந்த 'எதுக்காக' தான்.

முதல் அறுவையிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூட்டுத் தேய்மானத்துக்காக இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவை ஆராய்ந்த கட்டுரை 2013-ல் 'லான்செட்' இதழில் வந்தது. அறுவைக்குப் பிந்தைய 90 நாளில் இறந்தவர்கள் 2003-ல் 0.56 விழுக்காடு, 2011-ல் 0.29 விழுக்காடு. ஆயிரம் பேரில் மூன்று பேர். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வது, ரத்தம் உறையாமல் மருந்து கொடுப்பது ஆகியவை குறைந்த இறப்போடு சேர்ந்து வருவதையும் அந்தக் கட்டுரை காட்டியது. எங்கள் பிரிவில் அதை அச்சடித்துச் சுற்றுக்கு விட்டார்கள்.

ரிவிஷனுக்கு இப்படி ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. மூட்டு தளர்ந்துபோய் மாற்றுவது ஒரு வகை. கிருமி புகுந்து மாற்றுவது இரண்டாவது. விழுந்து, செயற்கைத் தண்டைச் சுற்றியுள்ள தொடை எலும்பு உடைந்து மாற்றுவது மூன்றாவது. பந்து கிண்ணத்திலிருந்து அடிக்கடி நழுவுவதற்காகவும் மாற்றுவார்கள். உயிர்க் கணக்கு என்று வரும்போது முதல் மூன்றும்தான் முக்கியம்.

2013-ல் வெளிவந்த பிலடெல்பியா ஆய்வு ஒன்று, இடுப்பு, முழங்கால் ரிவிஷன்களைச் சேர்த்துப் பார்த்தது. கிருமி இல்லாமல் மாற்றியவர்களில் 90 நாளில் இறந்தவர்கள் 0.8 விழுக்காடு, கிருமிக்காக மாற்றியவர்களில் 3.7. ஓராண்டில் 2 விழுக்காடும் 10.6 விழுக்காடும். ஐந்தாண்டு முடிவில் கிருமி கண்டவர்களில் நால்வரில் ஒருவர் உயிரோடு இல்லை. எலும்பு முறிவுக்கு, 2007-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு உண்டு. செயற்கை மூட்டைச் சுற்றித் தொடை எலும்பு உடைந்த 106 பேரில் 11 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். திட்டமிட்டு முதல் முறை மூட்டு மாற்றியவர்களிடம் அது 2.9 விழுக்காடு. நாடு வேறு, ஆள் வேறு. ஆனாலும் தளர்வு, கிருமி, முறிவு என்ற வரிசையில் ஏறும் இந்தப் படிக்கட்டைத்தான் எங்கள் மேசையிலும் பார்த்தேன்.

அந்த மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதல் அறுவை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரிவிஷன் நான்கு மணி நேரம் போனாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பழைய தழும்பின் வழியாக உள்ளே போகும்போது தசையும் நரம்பும் ரத்தக்குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கிண்ணத்தைப் பெயர்க்க வேண்டும். தண்டை உருவ வேண்டும். சிமெண்ட் போட்டுப் பொருத்தியிருந்தால், குழாய் போன்ற எலும்புக்குள்ளிருந்து அந்தச் சிமெண்டை உளியால் சில்லுச் சில்லாக எடுக்க வேண்டும். மண்பானையில் அடிபிடித்ததைப் பானை விரியாமல் சுரண்டுகிற வேலை அது. தண்டு வராமல் அடம்பிடித்தால், தொடை எலும்பையே நீளவாக்கில் பலகை போலத் திறந்து எடுத்துவிட்டு, கம்பி சுற்றி மூடுவார்கள். ஒவ்வொரு நிமிடமும் ரத்தம் கசியும். முதல் அறுவையில் சில நூறு மில்லிலிட்டரோடு நிற்பது இங்கே ஒரு லிட்டரைத் தாண்டலாம், இரண்டையும் தாண்டலாம். அதனால்தான் முதல் நாளே ரத்தப் பொருத்தச் சோதனைக்கு 'ஜி.எக்ஸ்.எம்.' அனுப்பி, பொருத்தம் பார்த்த ரத்தப் பைகளைத் தயாராக வைப்போம். மணிக்கட்டுத் தமனியில் குழாய் போட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அழுத்தத்தைப் படிப்போம்.

சிமெண்ட் மறுபடி போடும் கட்டம் வந்தால் அறையின் சத்தம் மாறும். ஸ்க்ரப் நர்ஸ் பொடியையும் திரவத்தையும் கலக்கத் தொடங்கியதுமே காரமான வாடை மூக்கில் ஏறும். டாக்டர் குரல் கொடுப்பார்: "சிமெண்ட் போகுது!" இந்தப் பக்கம் ஆக்சிஜனைக் கூட்டுவோம். அழுத்தத்தை ஏற்றும் மருந்து ஊசியில் ஏற்றித் தயாராக இருக்கும். எலும்புக் குழிக்குள் சிமெண்டை அழுத்தும்போது உள்ளேயிருக்கும் கொழுப்பும் மஜ்ஜையும் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு ஏறலாம். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சில் வரும் கார்பன் டையாக்சைடு திடீரென்று இறங்குவதுதான் பெரும்பாலும் முதல் எச்சரிக்கை. முதுகு ஊசியில் விழித்திருப்பவர் "மூச்சு முட்டுது தம்பி" என்பார், இல்லையென்றால் பேச்சு குழறும். பிறகு அழுத்தம் சரியும். பெரும்பாலானோருக்கு இது வந்த வேகத்தில் போய்விடும். இதயம் ஏற்கெனவே பலவீனமாக உள்ளவர்களுக்கு இந்தச் சில நிமிடங்களே பெரும் கண்டம்.

இருந்தாலும் மேசையிலேயே உயிர் போவது அபூர்வம். இறப்பு பெரும்பாலும் அதற்குப் பின்னால் வரும் நாட்களில், வார்டில்தான் நேர்கிறது. மாரடைப்பு, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது, நிமோனியா, சிறுநீரகம் நின்றுபோவது, கிருமி ரத்தத்தில் பரவுவது. அதாவது இடுப்பைத் திறந்தாலும் ஆளைத் தாங்குவது இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும். இங்கேதான் நம் ஆட்களின் உடல்நிலைக் கதை வருகிறது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டுக்குச் சற்று மேல். எங்கள் மேசைக்கு வரும் தமிழ்ப் பாட்டிகளில் சர்க்கரை இல்லாதவரைப் பார்த்தால் நர்ஸுகளே வியந்துபோவார்கள்.

ஜொகூரில் இன்னொரு கூட்டமும் உண்டு. நாற்பது வயதுக்காரர்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்து நசுங்கி, அந்த வயதிலேயே மூட்டு மாற்றிக்கொண்டவர்கள். காரணம் விசாரித்தால் இரண்டு விடைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று குடி. மற்றொன்று ஸ்டீராய்டு. எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காத ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கு என்று கடைகளிலும் சந்தைகளிலும் விற்கும் ஜாமு, மாஜுன் என்ற மூலிகை மருந்து வகைகள் சிலவற்றில் டெக்சாமெதசோன் கலந்திருப்பதை நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துபோகும். அந்த அதிசயத்துக்குக் காரணம் மூலிகை இல்லை.

குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய ஒருவர் ரிவிஷனுக்கு வந்திருந்தார். முகம் வட்டமாக ஊதியிருந்தது. கை கால் மெலிந்து, முழங்கையில் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. "வேற ஏதாச்சும் மருந்து எடுக்கிறீங்களா அண்ணே?" "ஒன்னும் இல்ல தம்பி. பிரஷர் மாத்திரை மட்டும்தான்." பக்கத்தில் இருந்த மனைவி அவரை ஒருமுறை முறைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். "இதைச் சொல்லலையா? இது இல்லாம இவரு லோரி ஏற மாட்டாரு." நிபுணர் அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவு எண் இல்லை. அன்றே அவருடைய மயக்கத் திட்டம் மாறியது.

விஷயம் இதுதான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு நீண்ட நாள் உள்ளே போனால், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். சாதாரண நாளில் அது தெரியாது. நான்கு மணி நேர அறுவை, ஒரு லிட்டர் ரத்த இழப்பு என்ற நெருக்கடியில் உடம்பு கேட்கும்போது சுரப்பி கொடுக்காது. அழுத்தம் சரியும், வழக்கமான மருந்துக்கு ஏறாது. முன்கூட்டியே தெரிந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்து அதைச் சமாளிக்கலாம். தெரியாவிட்டால் காரணம் புரியாமல் போராட வேண்டியிருக்கும். போதாததற்கு, ஸ்டீராய்டு புண்ணை ஆற விடாது, கிருமியைச் சுலபமாக உள்ளே விடும், எலும்பைத் தக்கையாக்கும். அந்த லாரிக்காரர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். மேசையில் வைக்கப்பட்ட அந்த டப்பாவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இளம் வயதில் மூட்டு மாற்றியவருக்கு ரிவிஷன் வரும் வாய்ப்பும் கூடுதல். 2019-ல் வந்த பெரிய ஆய்வின்படி இடுப்பு மூட்டுகளில் 58 விழுக்காடு 25 ஆண்டு தாங்கும். எழுபதுக்கு மேல் மாற்றிக்கொண்டவருக்கு ஆயுளில் இன்னோர் அறுவை தேவைப்படும் வாய்ப்பு 5 விழுக்காடு அளவில்தான் என்று 2017-ல் வந்த பிரிட்டிஷ் கணக்கு காட்டியது. ஐம்பதின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது பல மடங்கு கூடும். நாற்பதில் மாற்றியவர் 'இதோடு முடிந்தது' என்று நினைத்துவிடக் கூடாது.

கிருமி விவகாரத்துக்கு வருவோம். செயற்கை உலோகத்தின் மேல் கிருமி ஒரு படலம் கட்டிக்கொண்டால் மாத்திரை அதைத் தொடாது. பல நேரம் இரண்டு கட்டமாக அறுவை நடக்கும். முதலில் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஆண்டிபயாட்டிக் கலந்த சிமெண்டால் தற்காலிக மூட்டு வைப்பார்கள். வாரக்கணக்கில் மருந்து ஏற்றிய பிறகு மறுபடி திறந்து நிரந்தர மூட்டு. ஆக, நோயாளி பெரிய மயக்கத்தை இரண்டு முறை தாண்ட வேண்டும். இடையில் நடமாட்டம் குறைவு, பசி இருக்காது, புரதம் இறங்கும். முதல் கட்டம் முடிந்து இரண்டாவதற்கு வராமலே போனவர்களை எனக்குத் தெரியும். இத்தனைக்கும் தொடக்கம் எதுவென்று பார்த்தால், காலில் ஆறாத சர்க்கரைப் புண், சொத்தைப் பல், கவனிக்காத சிறுநீர்த் தொற்று. அங்கிருந்து ரத்தத்தின் வழியாகக் கிருமி மூட்டுக்கு வந்து சேரும்.

முறிவு வேறு மாதிரி. அது நாள் குறித்துவிட்டு வருவதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியை ஆம்புலன்ஸ் கொண்டுவரும். இதயத்தைச் சோதிக்க எக்கோ, ரத்தத்தை இளக்கும் மாத்திரையின் வீரியம் குறையக் காத்திருப்பு, நீளத் தண்டு உள்ள விசேஷ மூட்டுக்கு ஏற்பாடு என்று நேரம் நகரும். பாஸ்டன் ஆய்வில், அறுவைக்கு இரண்டு நாளுக்கு மேல் தாமதமானவர்களிடம் ஓராண்டு இறப்பு கூடுதலாக இருந்தது. தண்டைச் சுற்றி ஏற்படும் ஒரு வகை முறிவில், தகடு வைத்து இறுக்கியவர்களைவிட மூட்டையே மாற்றியவர்களிடம் இறப்பு குறைவு என்றும் அதே ஆய்வு சொன்னது. பெரிய அறுவைதான், ஆனால் சீக்கிரம் காலை ஊன்ற முடிகிறது. படுக்கையில் கிடப்பதுதான் வயதானவர்களுக்கு எமன்.

தாமதத்துக்குப் பணமும் காரணம். அரசாங்க மருத்துவமனையில் படுக்கைக்கும் அறுவைக்கும் கட்டணம் சொற்பம். ஆனால் மூட்டின் விலை பெரும்பாலும் நோயாளியின் தலையில் விழும். ரிவிஷன் மூட்டு முதல் மூட்டைவிட விலை கூட. வேலையிடத்து விபத்தென்றால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ பார்க்கும். அரசாங்க ஓய்வூதியக்காரருக்கு உத்தரவாதக் கடிதம் வரும். இரண்டும் இல்லாதவர்கள் மருத்துவ சமூகநலப் பிரிவில் மனு கொடுத்தால், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு வழி காட்டுவார்கள். இது தெரியாமல் நகையை அடகு வைப்பதா, சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளையிடம் கேட்பதா என்று தளர்ந்த மூட்டோடு ஆண்டைக் கடத்துகிறார்கள். தளர்ந்த தண்டு உள்ளேயிருந்து எலும்பை அரித்துக்கொண்டே போகும். ஒருநாள் தடுக்கி விழுந்தால் உடையும். ஓராண்டில் இரண்டு விழுக்காட்டு ஆபத்தில் முடிந்திருக்க வேண்டியது, பதினொரு விழுக்காட்டுக் கணக்குக்குப் போய்விடுகிறது.

இந்த அரிப்பு பழைய பிரச்சினை. இன்றைய இடுப்பு மூட்டுக்கு வழிகாட்டிய ஆங்கிலேயர் ஜான் சார்ன்லி, 1958 முதல் டெஃப்லான் கிண்ணத்தை நூற்றுக்கணக்கானோருக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, அந்தத் தூள் எலும்பை அரித்தது. அவர்களில் பெரும்பாலானோரை மறுபடி திறக்க வேண்டிய நிலை. அந்தப் பொருளை உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டவர் அவர். 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் மூட்டு நிலைத்தது.

பிறகும் சறுக்கல் உண்டு. உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். மூட்டை 2010 ஆகஸ்டில் டிபியூ நிறுவனம் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அதுவரை சுமார் 93,000 மூட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. அந்தச் சமயத்தில், தன் இடுப்பில் இருப்பது எந்த மூட்டு என்றே தெரியாதவர்கள் ஏராளம். எங்களிடமும் எக்ஸ்ரே படத்தை மட்டும் கையில் பிடித்தபடி வருவார்கள். எந்த நிறுவனம், எந்த அளவு என்று தெரிந்தால் கழற்றும் கருவியை முன்னதாக வரவழைக்கலாம். தெரியாவிட்டால் ஊகம்தான். ஊகம் மேசையில் நேரத்தைத் தின்னும். நேரம் ரத்தத்தைத் தின்னும்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டில் இடுப்பு மூட்டு மாற்றியவர் இருந்தால், மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரின் நகலைக் கேட்டு வாங்கி அடையாள அட்டையோடு வையுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து முதல் சில அடிகளில் தொடையோ கவட்டையோ புதிதாக வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். வலி இல்லை என்றாலும் டாக்டர் கொடுத்த சோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் எலும்பு அரிப்பு பல நேரம் வலிக்காமலே நடக்கிறது. பல்லையும் பாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாஜுனோ ஜாமுவோ சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் டப்பாவோடு எடுத்து வந்து மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். அதைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ரிவிஷன் வேண்டும் என்று சொன்னால், எதற்காக, எவ்வளவு நாள் காத்திருக்கலாம், அதற்குள் சர்க்கரை, ரத்தசோகை, இதயம் இவற்றில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். பணம் இல்லை என்பதற்காக வீட்டுக்குத் திரும்பாதீர்கள்; அதே கட்டடத்தில் இருக்கும் சமூகநலப் பிரிவின் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். அரசாங்க நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வருகைக்கு 5 ரிங்கிட். தளர்ந்த மூட்டை உடைவதற்கு முன்னால் கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி இல்லை.